ஆறு திசைகளும் ஆறு கற்களும்
(இல்லறத்தார் பாடம்)



திருவனந்தபுரத்தில் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பு முடிந்து அனைவரும் எழுந்திருக்கும் வேளையில், பழம்பொருள் வணிகர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பட்டுத் துணியில் சுற்றிக் கொணர்ந்த பொருளொன்றைப் பாயின்மீது விரித்து வைத்தார். அஃது உள்ளங்கையளவு அகன்ற ஒரு வட்டத் தகடு. நடுவில் வட்டமான துளை. இருபுறமும் தானிய மணிகளைப் பரப்பினாற்போன்று சிறு குமிழ்கள் நிரல்படச் செதுக்கப்பட்டிருந்தன. நிறமோ, பாசி படர்ந்த குளத்து நீரின் பசுமை.

"இது ஜேடு என்னும் அருங்கல். பண்டைச் சீனத்து அரசர்கள் வானத்தை வணங்கிய பொருள். உங்கள் பகவான் திருவுருவத்தின் பின்னே ஒளிவட்டமாக வைத்தால் ஊரெல்லாம் பார்க்க வரும்" என்றார் வணிகர். அவர் கேட்ட விலைக்கு நம் சங்கத்தின் ஓராண்டு உண்டியல் வரவு முழுவதும் போதாது. ஆயினும் இளைஞர் சிலர் முகத்தில் ஆவல் தோன்றியது. தவணையில் தரலாமா என்று ஒருவர் கேட்டார். வாயிற்படியில் துடைப்பத்துடன் நின்ற அம்மையாரும் எட்டிப் பார்த்தார். நாமும் அக்கல்லைக் கையிலேந்தினோம். குளிர்ச்சியாயும் வழுவழுப்பாயும் இருந்த அதனைக் கீழே வைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆசை பிறந்ததை மறைப்பதற்கில்லை.

ஒரு வாரம் அவகாசம் கேட்டு வணிகரை அனுப்பினோம். அவ்வாரத்தில் இக்கல்லைப்பற்றிப் படித்து அறிந்ததையும், அதனால் நம் உள்ளத்தில் எழுந்த தம்ம விசாரணையையும் இப்பாடமாகத் தருகின்றோம்.

1. கல்லும் அதன் தொழிலும்

ஜேடு என்பது மரகதமன்று. மரகதம் கண்ணாடிபோல் ஊடொளி வீசும் தனிப் படிகம். ஜேடு, நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம்போல் இறுகிய கல். சீனர் இதனை 'யூ' என்பர். பச்சை மட்டுமன்றி வெண்மை, மஞ்சள், கருமை, பழுப்பு ஆகிய நிறங்களிலும் இது கிடைக்கும். இப்பெயரால் வழங்குபவை இரு வேறு கற்கள். ஒன்று நெஃப்ரைட்டு, பண்டைச் சீனத்துச் சடங்குப் பொருள்கள் இதனால் ஆனவை. மற்றொன்று ஜேடைட்டு, இது பர்மாவின் வடபகுதி மலைகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில்தான் பெருமளவில் சீனத்தை அடைந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை 1863-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தாமூர் ஆராய்ந்து காட்டினார். நெஃப்ரைட்டுக்குப் புகழ்பெற்ற இடம் மத்திய ஆசியாவின் கோத்தான். பண்டு பௌத்தம் தழைத்த அந்நாட்டின் ஆறுகளில், மலைப்பனி உருகி வரும் வெள்ளம் இக்கற்களை உருட்டிக் கொண்டுவந்து கரையில் சேர்த்தது.

இக்கல்லை உளிகொண்டு செதுக்க இயலாது என்பது கவனிக்கத்தக்கது. எஃகுக் கத்தியால் கீறினாலும் கீறல் விழாது. ஆகவே பண்டைத் தொழிலாளர், கல்லினும் கடினமான மணலை நீரில் குழைத்து, நூற்கயிற்றாலும் மூங்கில் போன்ற குழாய்களாலும் தேய்த்துத் தேய்த்தே அறுத்தனர், துளையிட்டனர், மெருகேற்றினர். அறுப்பது கயிறன்று, கயிறு சுமந்து செல்லும் மணலே அறுப்பது. ஒரு தகட்டுக்கு எத்தனை நாள், எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கள். பொருளைப் பயன்படுத்திய அரசர் சிலர் பெயர் ஏட்டில் நின்றது. தேய்த்தவர் பெயரோ நிற்கவில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

2. சீனர் வைத்த ஆறு கற்கள்

சீனத்தில் ஹாங்சௌ நகருக்கு அருகே லியாங்சூ என்னுமிடத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், தம் தலைவர்களைப் புதைத்தபோது வட்டத் தகடுகளையும், புறம் சதுரமும் அகம் வட்டமுமான குழல்களையும் உடன் வைத்தனர். 1986-இல் அங்குள்ள ஃபான்ஷான் இடுகாட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட ஒரு குழல் மட்டும் 6.5 கிலோ எடையுள்ளது. அதன் பக்கங்களில் மயிரிழைபோன்ற கோடுகளால் தெய்வ முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. செம்பும் இரும்பும் வழங்காத காலத்தில், மணலும் பொறுமையுமே கருவியாகச் செய்த வேலை அது. 2019-இல் லியாங்சூ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், சௌ அரச மரபின் ஆட்சிமுறையைக் கூறும் 'சௌ லி' என்னும் நூல், இத்தகைய கற்களை ஆறாக வகுத்து ஒவ்வொன்றையும் ஒரு திசைக்கு உரியதாக்கியது. அவை வருமாறு:

மேலே வானத்திற்கு 'பி' என்னும் நீலப் பசுமையான வட்டத் தகடு.
கீழே பூமிக்கு 'த்சோங்' என்னும் மஞ்சள் நிறக் குழல்.
கிழக்குக்கு 'குவெய்' என்னும் பசுமையான கூர்முனைப் பட்டயம்.
தெற்குக்கு 'ஜாங்' என்னும் செந்நிறப் பட்டயம். ஒரு புறம் சாய்ந்த முனையுடையது.
மேற்குக்கு 'ஹு' என்னும் வெண்ணிறப் புலியுருவம்.
வடக்குக்கு 'ஹுவாங்' என்னும் கருநிற வளைதகடு, வட்டத்தைப் பிளந்தாற்போன்றது.

வணிகர் கொணர்ந்தது இவற்றுள் முதலாவதன் வடிவம். பெய்ஜிங் நகரில் 1420-இல் எழுப்பப்பட்ட வானக் கோயிலில், மிங் மரபினரும் சிங் மரபினருமான பேரரசர்கள் குளிர்காலத்து நீளிரவு நாளில் வானத்திற்குப் பலியிட்டபொழுது இந்நீல வட்டத்தையும் படைத்தனர். 1912-இல் முடியாட்சி ஒழிந்தது. 1914-இல் யுவான் ஷிகாய் என்னும் குடியரசுத் தலைவர் அச்சடங்கை ஒருமுறை நடத்தினார். அத்துடன் அரச சடங்காக அது நின்றுபோயிற்று. வானம் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

இவற்றை இழித்துப் பேசுதல் நம் கருத்தன்று. ஆறு புறமும் சூழ்ந்த உலகத்தால் தாம் தாங்கப்படுவதை உணர்ந்த மக்கள், தம்மிடமிருந்த மிக உயர்ந்த பொருளை ஆறு புறமும் வைத்து நன்றி கூறினர். நன்றி நல்லது. ஆனால் அந்த நன்றியை எதனால் செலுத்துவது, யாருக்குச் செலுத்துவது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை நம் தம்மத்தில் முன்னமே இருக்கிறது.

3. சிகாலன் வணங்கிய ஆறு திசைகள்

இராசகிருக நகரின் வேணுவனத்தில் பகவான் தங்கியிருந்த காலம். ஒரு நாட்காலை அவர் பிச்சைக்குப் புறப்பட்டார். சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞன் நீராடி, ஈர உடையும் ஈரத் தலையுமாய்க் கைகூப்பி நின்று, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என ஆறு புறமும் வணங்கிக்கொண்டிருந்தான். காரணம் வினவியபோது, தன் தந்தை இறக்கும் தறுவாயில் அவ்வாறு செய்யச் சொன்னதாகவும், தந்தை சொல்லைப் போற்றியே அதனைச் செய்வதாகவும் கூறினான்.

பகவான் அவனை நகைக்கவில்லை. 'மூடனே' என்று கடியவுமில்லை. ஆரியர் நெறியில் ஆறு திசைகளை வணங்கும் முறை வேறு என்றார். அவன் கேட்கவே, விரித்துரைத்தார். அதுவே தீக நிகாயத்தில் 31-ஆவதாக உள்ள சிகாலோவாத சுத்தம். துறவிக்கு வினயம் எப்படியோ, இல்லறத்தானுக்கு இச்சுத்தம் அப்படி என்று பெரியோர் கூறுவர்.

கிழக்கு பெற்றோர். நம்மை வளர்த்தவரை நாம் பேணுதல், அவர் காரியங்களைச் செய்தல், குலமரபைக் காத்தல், உரிமைப் பொருளுக்குத் தகுதியுடையவராதல், அவர் இறந்தபின் அவர் பொருட்டுத் தானம் செய்தல் என ஐந்து கடமைகள் மக்களுக்கு. தீமையை விலக்கல், நன்மையில் ஏவுதல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், காலத்தில் சொத்தை ஒப்படைத்தல் என ஐந்து பெற்றோருக்கு.

தெற்கு ஆசிரியர். எழுந்து மரியாதை செய்தல், அணுகியிருத்தல், கேட்கும் ஆவல், பணிவிடை, கவனத்துடன் கற்றல் ஆகியவை மாணவர் கடன். ஒளிக்காமல் கற்பிப்பதும், மாணவருக்கு நண்பரிடையே நற்பெயர் தேடித் தருவதும் ஆசிரியர் கடன்களில் அடங்கும்.

மேற்கு மனைவி மக்கள். மனைவியை மதித்தல், இழிவு செய்யாமை, பிறர்மனை நாடாமை, வீட்டு அதிகாரத்தை அவளிடம் விடுதல், அணிகலன் அளித்தல் என்று கணவனுக்கு ஐந்து. முதற்கடமை மதித்தல்; அணிகலன் ஐந்தாவதாகவே வருகின்றது. நம்மிற் பலர் ஐந்தாவதைச் செய்துவிட்டால் முதல் நான்கும் தீர்ந்தன என்று கருதுகின்றோம்.

வடக்கு நண்பர். ஈகை, இன்சொல், உதவி, தன்னைப்போல் நடத்துதல், வஞ்சகமின்மை ஆகிய ஐந்தும் நட்பின் கடன்.

கீழ்த்திசை நமக்காக உழைப்போர். மேல்திசை துறவியர். அன்பான செயல், அன்பான சொல், அன்பான நினைவு, திறந்த வாயில், உணவு முதலியன அளித்தல் ஆகியவற்றால் துறவியரை வணங்க வேண்டும். கீழ்த்திசையைத் தனியே பேசுவோம்.

இதற்குள் ஒற்றுமை உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். சீனர் நூலிலும் ஆறு. பகவான் உபதேசத்திலும் ஆறு. இரண்டிலும் நான்கு திசைகளோடு மேலும் கீழும் சேர்ந்தே ஆறாயின. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதன்று. நாற்புறமும் நோக்கி, வானையும் மண்ணையும் நோக்கி நிற்பது மனிதர் எல்லோருக்கும் இயல்பு. பின்னர் இவ்விரண்டும் ஒரே மண்ணில் சந்தித்தன. கி.பி. 148-இல் பார்த்திய நாட்டுத் துறவி ஆன் ஷிகாவோ சீனத் தலைநகராகிய லோயாங்கை அடைந்தார். சிகாலனுக்கு அருளிய உபதேசத்தின் பழைய சீன மொழிபெயர்ப்பு ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. மொத்தம் நான்கு மொழிபெயர்ப்புகள் சீனத் திரிபிடகத்தில் உள்ளன. ஆறு திசைக்கு ஆறு கற்கள் என்று அறிந்திருந்த நாட்டில், 'கிழக்கே உன் தாயும் தந்தையும் இருக்கின்றனர்' என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. கல் வாங்கப் பொருளில்லாத ஏழைக் குடியானவனும் அன்று முதல் ஆறு திசைகளையும் அரசனுக்குச் சமமாக வணங்கலாம் என்றாயிற்று. அரசன் ஒருவனுக்கே உரியதாயிருந்த வழிபாட்டைத் தம்மம் எல்லோருக்கும் பொதுவாக்கியது.

4. கீழ்த்திசை

சீனர் பூமிக்கு வைத்தது மஞ்சள் ஜேடு. பகவான் கீழ்த்திசைக்கு வைத்தது ஐந்து செயல்கள். வலிமைக்கேற்ற வேலை தருதல். உணவும் கூலியும் தருதல். நோயில் பார்த்துக்கொள்ளுதல். அரிதாகக் கிடைக்கும் நல்லுணவைப் பகிர்ந்தளித்தல். உரிய காலத்தில் ஓய்வு விடுதல். 2500 ஆண்டுகளுக்கு முன் அருளியவை இவை. வேலை அளவு, கூலி, மருத்துவம், விடுமுறை என்று இக்காலத் தொழிற்சட்டங்கள் வகுத்திருப்பவற்றின் வேர் இங்கே இருப்பதைக் காண்க. உழைப்போருக்கும் ஐந்து கடன்கள் உண்டு: முன் எழுதல், பின் உறங்கல், கொடுத்ததையே எடுத்தல், வேலையைச் செவ்வனே செய்தல், நற்பெயர் பரப்பல். தம்மம் ஒருபுறம் சாய்ந்த தராசன்று.

நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். ஆயுத பூசை வந்தால் ஆலை முழுதும் கழுவி, இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். கார்டிங் பகுதியில் எம்முடன் நின்ற முதியவர் ஒருவர், பதிலித் தொழிலாளி. பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை அடைத்திருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மூச்சு வாங்கும். பேச்சு நின்று நின்று வரும். அவ்வாண்டு பெரிய இயந்திரத்திற்குச் சந்தனம் பூசிய கை அவருடையது. நன்றாகப் பூசுவார் என்று மேஸ்திரி அவரையே அழைப்பார். பூசை முடிந்த மறுவாரம் அவர் மூன்று நாள் படுத்துவிட்டார். நான்காம் நாள் வந்து நின்றபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாயிற்காவலரிடம் சற்று நேரம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இயந்திரத்தில் சந்தனம் இன்னும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நாம் அதனைப் பார்த்தோம். பார்த்தும் வாய் திறக்கவில்லை. நம் பெயரும் பட்டியலில் இருக்கவேண்டுமே என்ற அச்சம். பகவான் சிகாலனுக்கு உரைத்ததை நாம் அறிந்தது அதற்குச் சில ஆண்டுகள் பின்னர், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு சிறு நூலில். நோயில் பார்த்துக்கொள்ளுதல் என்ற வரியில் அம்முதியவர் வந்து நின்றார். அன்றிரவு நாம் உறங்கவில்லை.

பொருளுக்குச் சந்தனம், உழைத்தவனுக்கு வெளிவாயில் என்னும் இவ்வழக்கம் ஓர் ஆலையோடு நின்றதன்று. ஜேட்டைத் தேய்த்த கையை மறந்து, தேய்ந்த கல்லைப் போற்றுவதும் அவ்வழக்கமே.

5. உடைந்த உருவமும் உதிர்ந்த உடலும்

'பகவானுக்கு உயர்ந்த கல்லில் பூசை செய்தால் அது என்றும் நிலைக்குமே' என்று ஓர் இளைஞர் கேட்டார். நிலைக்குமா என்று வரலாற்றை நோக்குவோம்.

சீன யாத்திரிகர் பாஹியான் கி.பி. 399-இல் தம் நாட்டினின்றும் புறப்பட்டு, மணற்காடும் மலையும் கடந்து, பாரதத்தில் பல்லாண்டு உலவி, 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையை அடைந்தார். அங்கே இரண்டாண்டு தங்கினார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சை ஜேட்டில் அமைந்த புத்தர் உருவத்தைக் கண்டதை எழுதியிருக்கிறார். இருபது அடிக்கு மேற்பட்ட உயரம். வலக்கையில் விலைமதிப்பற்ற முத்து. அத்தனை பேரொளி அவரை அழச் செய்யவில்லை. அவ்வுருவத்தின் பக்கத்தில் வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த பொருளே அழச் செய்தது. அது சீன நாட்டு வெண்பட்டு விசிறி. உடன் புறப்பட்டவருட் சிலர் பிரிந்தனர், சிலர் இறந்தனர், தாய்நாட்டு முகத்தைக் கண்டு பல்லாண்டாயிற்று. விசிறியைக் கண்டதும் கண்ணீர் பெருகிற்று. கல்லின் விலை உள்ளத்தை உருக்குவதில்லை. உறவின் நினைவே உருக்குகிறது. அப்பெரும் பச்சை உருவம் இன்று அபயகிரியில் இல்லை. பாஹியான் விட்ட கண்ணீர்தான் ஏட்டில் இருக்கிறது.

அதே காலத்தில் இலங்கை மன்னர் ஒருவர் சீனத்து ஜின் பேரரசருக்கு ஜேட்டிலான புத்தர் உருவம் ஒன்றை அனுப்பினார். அக்காலச் சீன அளவில் நான்கடி இரண்டங்குலம் உயரம். தூது சென்றவர் அரசவையை அடைவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. மனிதர் கைவேலையன்று என்று சொல்லத்தக்க அழகுடைய அவ்வுருவம், இக்காலத்து நான்கிங் நகரில் இருந்த வாகுவான் விகாரையில் நிறுவப்பெற்றது. அங்கே தாய் கூய் என்னும் சிற்பி செய்த ஐந்து உருவங்களும், கூ கைசி என்னும் ஓவியர் தீட்டிய விமலகீர்த்தி ஓவியமும் முன்னரே இருந்தன. இம்மூன்றையும் நிகரற்ற மூன்று என்று மக்கள் போற்றினர்.

ஏறத்தாழ நூறாண்டு சென்றது. 498 முதல் 501 வரை ஆண்ட தென்சீன மரபு மன்னன் ஒருவன், கேளிக்கையிலும் கொடுமையிலும் பேர்போனவன், அவ்வுருவத்தின்மீது கைவைத்தான். முதலில் திருக்கரங்களை வெட்டினான். பின்னர் உடலையும் எடுத்தான். தன் காதற்கிழத்தி பான் என்பவளுக்குக் கொண்டையூசியும் வளையலும் செய்வித்தான். லியாங் மரபின் வரலாற்று நூல் இதனைப் பதிந்திருக்கிறது. 501-இல் அம்மன்னனும் கொலையுண்டான். அவன் ஆட்சி மூன்றாண்டு. உருவம் கடல் கடந்து சென்றது பத்தாண்டு. வெட்டுவதற்கு எத்தனை நாழிகை ஆயிற்றோ!

இன்னொன்றும் கேளுங்கள். ஜேட்டில் உடலை வைத்தால் உடல் அழியாது என்று ஹான் மரபுச் சீனர் நம்பினர். கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் இளவரசரை, 2498 ஜேடு வில்லைகளைப் பொற்கம்பியால் கோத்த சட்டையில் தலை முதல் அடி வரை மூடிப் புதைத்தனர். பொற்கம்பி மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். 1968-இல் மான்செங் குன்றில் சீனர் அதனைத் திறந்தனர். சட்டை இருந்தது, உடல் மண்ணாய்ப் போயிருந்தது.

உடலைக் காக்க வைத்த கல் உடலைக் காக்கவில்லை. வணங்க வைத்த கல் தன்னையே காத்துக்கொள்ளவில்லை. கூட்டுப்பொருள் யாவும் கலையும் என்று பகவான் கூறியதில் ஜேட்டுக்கு மட்டும் விலக்குண்டா?

நம் மலையாள நாட்டையே பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ஆலப்புழை மாவட்டத்து அம்பலப்புழைக்கு அருகில் கருமாடியில் ஒரு புத்தர் உருவம் உண்டு. மக்கள் கருமாடிக்குட்டன் என்று செல்லமாக அழைப்பர். சாதாரணக் கருங்கல், உடலின் ஒரு பாகம் இல்லை. விலை பேச வருவார் யாருமில்லை. ஆயினும் கைம்பிள்ளையை அழைப்பதுபோல் பெயரிட்டு அழைத்து, மக்கள் அதனைப் போற்றுகின்றனர். உருவத்தைக் காப்பது கல்லின் உறுதியன்று, சூழ்ந்துள்ளவர் அன்பே.

6. மணிப்பீடிகையும் பாத்திரமும்

தமிழ்ப் பௌத்தர்க்குத் தாய்நூலாகிய மணிமேகலையில், மணிபல்லவத் தீவில் ஒரு மணிப்பீடிகை வருகின்றது. அதற்காக நாக நாட்டு மன்னர் இருவர் போர் செய்தனர். மகாவம்சமும் இக்கதையைக் கூறும்; அங்கே அவர்கள் மாமனும் மருகனும் என்று வரும். மணி பதித்த இருக்கைக்காக உறவினர் இருவர் குருதி சிந்த நின்றபோது, பகவான் நடுவே வந்து தம்மம் உரைத்துப் போரை நிறுத்தினார்.

அத்தீவுக்கு மணிமேகலை போனாள், பீடிகையைத் தொழுதாள், பழம்பிறப்பு உணர்ந்தாள். ஆனால் அங்கிருந்து திரும்பும்போது அவள் கையில் எடுத்து வந்தது யாது? பீடிகையின் மணி ஒன்றையன்று. கோமுகிப் பொய்கையில் தோன்றிய அமுதசுரபி என்னும் பிச்சைப் பாத்திரத்தை. பீடிகைக்காக மன்னர் போரிட்டனர். பாத்திரத்தால் பசித்தவர் உண்டனர். தொழத்தக்கது ஒன்று, எடுத்துச் செல்லத்தக்கது வேறொன்று என்று புலவர் நமக்குக் காட்டினார்.

வணிகர் மறு ஞாயிறு வருமுன் நம் சங்கத்தார் கூடினோம். நாம் கூறியது இதுவே. அந்தக் கல் மெய்யான பழம்பொருளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாயமேற்றிய கல்லும் கண்ணாடியும் மென்மையான பாம்புக்கல்லும் ஜேடு என்று சந்தையில் விலைபோவதுண்டு. மெய்யாயின், நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்பவருக்கு உரிமம் வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவரிடம் அதனைக் கேட்கவேண்டும். ஆனால் இவை இரண்டாம் கேள்விகள். முதற்கேள்வி வேறு.

வாயிற்படியில் துடைப்பத்துடன் நின்ற அம்மையாரைப் பாடத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்டோம். அவர் நம் மண்டபத்தைப் பல்லாண்டாகப் பெருக்கி வருபவர். முந்திய மாதத்தில் கால் வீங்கி இரண்டு வாரம் வரவில்லை. அந்த இரண்டு வாரக் கூலியை நம் பொருளாளர் பிடித்துக்கொண்டார். கணக்கில் எழுதி நம்மிடமும் காட்டினார். நாம் கையெழுத்திட்டோம். ஆம், அன்பர்களே! பட்டியலில் பெயர் அடித்த ஆலைக்காரரைப் பல மேடைகளில் பேசிய நாம், அக்கையெழுத்தை இட்டபோது எதனையும் நினைக்கவில்லை. கீழ்த்திசையை நோக்கிக் கைகூப்பக் கற்பித்தவர், கீழே பார்க்கவில்லை.

இதனைக் கூட்டத்தில் சொன்னோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. தவணை கேட்ட இளைஞரே முதலில் எழுந்தார். அவ்விரண்டு வாரக் கூலியை அன்றே கொடுப்பதென்றும், இனி நோயுற்ற நாள்களுக்குக் கூலி பிடிப்பதில்லையென்றும், அவர் காலை மருத்துவரிடம் காட்டும் செலவைச் சங்கம் ஏற்பதென்றும் முடிவாயிற்று. பொருளாளரோடு நாமும் சென்று கொடுத்தோம். அம்மையார் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "போன மாசத்ததா?" என்று மட்டும் கேட்டார். அவர் கணக்கில் அது கடனாகவே இருந்திருக்கிறது. நம் கணக்கில்தான் இல்லை.

வணிகர் வந்தபோது கல்லைத் திருப்பித் தந்தோம். ஒளிவட்டமில்லாமலேயே நம் பகவான் உருவம் இருக்கிறது.

அழகிய பொருளைக் காண்பது பாவமன்று. நம் நகரின் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் 1935 முதல் சீன, ஜப்பானிய ஓவியங்கள் உள்ளன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஐதராபாத்து சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் மொகலாயர் காலத்து ஜேடு வேலைப்பாடுகளைக் காணலாம். ஜஹாங்கீரின் குத்துவாளும் நூர்ஜஹானின் பழக்கத்தியும் அங்கே இருக்கின்றன. காணுங்கள், தேய்த்த கையையும் நினையுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து ஆறு புறமும் பாருங்கள்.

பரிநிருவாணம் எய்தும் தறுவாயில், சால மரங்கள் பருவமின்றிப் பூச்சொரிந்தபோதும், தம்மத்தின்படி ஒழுகுவோரே ததாகதரை மெய்யாகப் பூசிப்பவர் என்று பகவான் ஆனந்தருக்கு அருளினார். அப்பூசைக்கு வேண்டிய பொருளை எவ்வணிகரும் விற்க இயலாது. எம்மன்னனும் வெட்டி வளையல் செய்ய இயலாது.

வீட்டில் அனைவரும் கூடியிருந்து ஆராய்வதற்கு:

1. ஆறு திசைகளில் நாம் எளிதாக வணங்குவது எது? மறந்திருப்பது எது?
2. மேல்திசைக்குச் செலவிடும் பொருளும் கீழ்த்திசைக்குக் கொடுக்க வேண்டிய பொருளும் ஒரே பையில் இருக்கும்போது, எதனை முதலில் எடுக்கவேண்டும்?
3. நம் வீட்டிலோ தொழிலிலோ, நோயுற்ற நாளுக்குக் கூலி பிடிக்கப்பட்டவர் எவரேனும் உண்டா? உண்டாயின், இப்பௌர்ணமிக்குள் என்ன செய்யலாம்?

மூன்றாம் வினாவுக்கு விடையை எழுதவேண்டா; கொடுத்துவிட்டு வாருங்கள்.

சகல சீவர்களும் நலமுறுக.